தாய்வீட்டுக்குப் போன தண்ணீர்

ஊத்துவலசில் தண்ணீர் முதன்முதலாகக் கோவித்துக்கொண்டு கிளம்பியது சென்னியப்பனின் கிணற்றிலிருந்துதான்; அதுவும் தைப்பொங்கல் முடிந்து, கரும்பை வெட்டி லாரியேற்றி அனுப்பிவிட்டு, வெட்டிய காட்டில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்பிலைக்கு, நெருப்பு வைக்கலாமென்று அவன் தீப்பெட்டியோடு வந்து நின்ற பட்டப்பகலில். கிணற்றுக்குள் சளப் சளப்பென்று சத்தம் கேட்டது. ஆடு ஏதாவது விழுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால், தண்ணீர் படியேறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி, மேலே வந்து, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, கோழிகள் ஒதுங்கி வழிவிட, வாசலைக் கடந்து, வண்டித்தடத்தில் இறங்கி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போகிற பெண்பிள்ளையைப் போல விறுவிறுவென்று திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

தண்ணீர் எப்படி நடக்கும் என்ற யோசனை சென்னியப்பனுக்கு வரவில்லை. அதை யார் கூப்பிட்டார்கள் என்ற யோசனைதான் வந்தது. அவன் பிறவிக்குணம் அப்படி. பால்காரன் ஊற்றிய பாலை ஒரு சொட்டு நகத்தில் உருட்டிப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைக்க விடுவான். பூசாரி கொடுத்த திருநீற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவான். எதிரில் வருகிறவன் சிரித்தால் ஏன் சிரித்தான் என்று அன்றைக்கு முழுக்க ஆராய்வான். "எங்கூட்டுக்காரரு அவரு நெழலு மேலயே ஒரு கண்ணு வெச்சிருப்பாரு, அது எப்ப எவங்கூடப் போயிருமோன்னு" என்பாள் அவன் மனைவி தங்காயி. இதற்குக் காரணமும் ஊருக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் உதட்டில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும். சென்னியப்பனுக்குச் சேனை வைத்தவர் அவனுடைய அப்புச்சி, அதாவது தாயைப் பெற்ற தாத்தா. அந்த மனிதர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போதுகூடத் தன் இலையைத் தூக்கி ஒளித்து வைத்துவிட்டுப் போனவர். அப்படியாப்பட்ட வித்து. ஆனால் உலகத்தில் சென்னியப்பன் சந்தேகமே படாத ஒரே ஒரு பொருள் இருந்தது. அது அவனுடைய கிணற்றுத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத்தான் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்திப் போனான். எதிரே வந்த டவுன் பஸ் தண்ணீருக்காக நின்றது. டிரைவர் ஆரன் அடிக்கவில்லை, மாடு கடக்கிற வரைக்கும் காத்திருப்பதுபோலக் காத்திருந்துவிட்டு அப்புறம் கிளம்பினார். மாரியம்மன் கோயில் முக்கில் தண்ணீர் சித்தே தயங்கிச் சாமியைப் பார்த்தது, பிறகு இடது கைப்பக்கம் திரும்பிப் பாவாயியின் காட்டு வேலிக்கு அடியில் நுழைந்து, கரும்புக்கு இடையில் பரப்பிக் கிடந்த சோகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சென்னியப்பன் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். அது பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக் காடு.

பாவாயி அவனுடைய பெரியப்பன் மகனின் மனைவி. நங்கையா என்று கூப்பிட வேண்டிய அண்ணி முறை. புருஷன் செத்த பிறகு தனியாகக் கரும்பு வைத்துக்கொண்டிருக்கிறவள். அவள் காட்டைக் குப்பைக்காடு என்றுதான் ஊர் சொல்லும். எல்லாரும் வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்தி, காட்டைச் சுடுகாடுபோலச் சுத்தமாக வைத்திருக்க, அவள் அதை அப்படியே வரிசைக்கு வரிசை பாய் விரித்த மாதிரி விரித்து வைத்திருப்பாள். எல்லாரும் யூரியாவை மூட்டையோடு கவிழ்த்து வாய்க்கால் நிறையத் தண்ணீரைத் திறந்துவிட, அவள் சொட்டுக்குழாயில் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். களைக்கு மருந்தடிக்க மாட்டாள், சோகைக்கு அடியில் களைதான் எங்கே முளைக்கிறது. தண்ணீர் வழிந்தோடுகிற ஓரம் முழுக்க வெட்டிவேர் வைத்திருந்தாள். இதையெல்லாம் அறிவோடு செய்தாளா, இல்லை காசு செலவழிக்க மனமில்லாமல் செய்தாளா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், "என்ற காடு, என்ற குப்பை, உங்களுக்கென்ன?" என்பாள். கருமி என்பதுதான் ஊரின் முடிவு.

அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீராகக் கிளம்பிவிட்டது. கோயில் பெரியதனக்காரர் முத்துவேலப்பன் கிணற்றுத் தண்ணீர் அவரைப் போலவே தொந்தியைத் தள்ளிக்கொண்டு அசைந்து அசைந்து போனது. பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர் வரிசையாகப் போனது. யாரும் இறைக்காமல் பாழடைந்து கிடந்த ஊர்ப்பொதுக் கிணற்றின் அடித்தண்ணீர், வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசி, சுவரோரமாகத் தடவித் தடவிப் போனது. ஜனங்கள் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். போகிற தண்ணீரை மிதிக்கக்கூடாதென்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் தண்ணீர் கடந்து போனால் பெண்கள் குங்குமத்தை எடுத்து அதன் மேல் ஒரு பொட்டுப் போட்டு அனுப்பினார்கள். விவசாய ஆபீசிலிருந்து வந்த ஒருவர் பாவாயி காட்டிலிருந்து ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்து ஜீப்பில் வைத்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அது மூடியைத் தள்ளிக்கொண்டு இறங்கித் திரும்பி வந்துவிட்டது. அவரும் காலிப் பாட்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெண்களுக்குத்தான் விஷயம் முதலில் விளங்கியது. "வாக்கப்பட்ட ஊட்டுல சாம்பலு, யூரியான்னு கண்டதயும் திங்கக் குடுத்தா, அது ஆத்தா ஊட்டுக்குப் போகாம என்ன பண்ணும்?" என்றாள் தங்காயி. சென்னியப்பனுக்கு இது ஏறவில்லை. கூப்பிடாமல் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள் என்பது அவன் கட்சி. பாவாயி ஏதோ செய்திருக்கிறாள். பூமிக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறாள், இல்லையென்றால் மலையாளத்து மந்திரவாதி யாரையாவது பிடித்திருக்கிறாள். அவள் காட்டு ஓரத்துப் பனைமரத்து மறைவில் நின்று பகலெல்லாம் அவளை வேவு பார்த்தான். அவள் ஆட்டுக்குத் தழை ஒடித்தாள், வெற்றிலை போட்டாள், யாரையோ வாய்க்குள் திட்டிக்கொண்டு குழாயில் அடைப்பு எடுத்தாள். அவள் அந்தப்பக்கம் போன சமயம் பார்த்து உள்ளே புகுந்து சோகையை விலக்கிப் பார்த்தான். அடியில் மண் ஜில்லென்று, கறுத்து, மெத்தென்று இருந்தது; மண்புழுக்கள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன. இவைதான் ஆள்காட்டிகள் என்று அவனுக்குப் பட்டது. அதற்கும் அடியில் அவனுடைய தண்ணீர் சீரான மூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தது. தன் கிணற்றில் அது ஒருநாளும் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவன் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மகள் மேகலா மாசமாக இருந்தாள், தலைப்பிரசவம். அவன் தாய்வழியில் பேரப்பிள்ளைக்கு அப்புச்சிதான் சேனை வைக்க வேண்டும். அதுவும் தன் காட்டுக் கரும்பில் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரையைத் தன் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். இதற்காகவே அவன் பெண்ணைப் பெற்றான் என்றுகூடச் சொல்லலாம். சர்க்கரை பானையில் தயாராக இருந்தது. தண்ணீர் பங்காளி காட்டில் படுத்துக் கிடந்தது. சம்பந்தியம்மா போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "தண்ணி நிக்காத ஊட்டுக்கு மாசக்காரிய எப்படீங் அனுப்பறது?"

அந்த அம்மாள் சொன்னதில் வேறொன்றும் இருந்தது, அதைச் சென்னியப்பன் கேட்காதது மாதிரி இருந்துகொண்டான். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கைக்குழந்தைக்குப் பால்பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்ததும் உதடெல்லாம் நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாரித்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கிணற்றுத் தண்ணீரில் இறங்கியிருந்த உர உப்பைச் சந்தேகப்பட்டார்கள். ஊரோ பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைச் சந்தேகப்பட்டது. தாயத்துக் கட்டி, அந்தக் கண்ணுக்காரியை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். முத்துவேலப்பன்தான் வழி சொன்னார். "கோவிச்சுட்டுப் போனது பொம்பளையா இருந்தா என்ன, தண்ணியா இருந்தா என்ன? மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல. தட்டத்தோட போயிக் கூட்டியாருவோம்." ஊத்துவலசில் அதற்கு முறை உண்டு. கோவித்துக்கொண்டு போன பெண்ணை அழைக்கப் போகிற புருஷன் வீட்டார் பூ, பழம், வெற்றிலையோடு வாசலில் நிற்க வேண்டும். பெண் வீட்டில் மூத்தவர் யாரோ அவர், "எங்க புள்ளைக்கு என்ன கொறை வெச்சீங்க?" என்று கேட்க வேண்டும். வந்தவர்கள், "ஒரு கொறையும் வெக்கலீங்" என்று சொல்ல வேண்டும். அது பொய்யென்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும் தெரியும். ஆனாலும் வேறு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. மோர் கொடுப்பார்கள். மோர் குடித்து முடித்ததும் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரும்.

மேளத்தோடு போய் நின்றவர்களைப் பார்த்துப் பாவாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"நானா கூப்புட்டேன்? வந்துது, படுத்துக்கிச்சு. என்ற காட்டுல வந்து படுத்ததை முடுக்கியா உடறது?"

"அதெல்லாம் வேண்டாம் ஆத்தா. நீ மொறையக் கேளு" என்றார் முத்துவேலப்பன்.

அவள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "செரி, கேக்கறன். என்ன கொறை வெச்சீங்க?"

"ஒரு கொறையும் வெக்கலீங்" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. அதில் சென்னியப்பனின் குரல் மற்றவர்களைவிட ஓங்கிக் கேட்டது.

தண்ணீர் எழுந்தது. கொட்டு முழக்கத்தோடு ஊர் முன்னால் போக, பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்து, அவரவர் கிணற்றில் இறங்கியது. அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். மறுநாள் விட்ட வேலையைத் தொடங்கினார்கள். சோகைக்கு நெருப்பு வைத்தார்கள், சாம்பல் பறந்து கிணற்றில் விழுந்தது. வெட்டிய கட்டையிலிருந்து கொழுந்து விட்ட மறுதாம்புக்கு யூரியாவைக் கொட்டினார்கள். களைக்கொல்லி அடித்த டப்பாவைக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து அலசினார்கள். சென்னியப்பன் தன் காட்டில் பாதியைக் கொளுத்திவிட்டு, காற்று திசை மாறியதால் மீதியை இன்னொரு நாளைக்கு வைத்தான். அந்த அமாவாசைக்குள் தண்ணீர் மறுபடியும் போய்விட்டது. இந்தத் தடவை படிப்படியாக நின்று ஏறவில்லை, ஓடியது. கிணறு மட்டுமல்ல, குடத்தில் இருந்தது, தொட்டியில் இருந்தது, சென்னியப்பன் வாயருகே கொண்டுபோன சொம்பில் இருந்தது, எல்லாமே எழுந்து ஓடின. கேன் தண்ணீர் வாங்கினால் அதுவும் டம்ளரில் ஊற்றியதும் ஓடியது.

அப்புறம் ஊர் பாவாயி காட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. குடத்தில் எடுத்து வந்தால் நிற்காது. அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வர வேண்டும். காலையும் மாலையும் ஊரே விருந்துக்கு வந்த ஒறம்பரைபோல அவள் வாசலில் உட்கார்ந்திருந்தது. பங்காளி வாசலுக்குப் போவதற்கு வெட்கப்பட்டுச் சென்னியப்பன் பக்கத்து ஊர்க் கடையில் சோடாவாகக் குடித்தான். அவனவன் அடுத்தவனைப் பார்த்தான். எவன் செய்ததால் தண்ணீர் போனது என்பதுதான் பேச்சு. முத்துவேலப்பன் காட்டு மருந்து என்று சென்னியப்பன் சொன்னான். சென்னியப்பன் காட்டுச் சாம்பல் என்று முத்துவேலப்பன் சொன்னார். ஒருவன் காட்டுக்குள் இன்னொருவன் எட்டிப் பார்ப்பதும், பார்த்ததை மூன்றாமவனிடம் சொல்வதுமாகப் பங்குனி வந்துவிட்டது. தன் காட்டை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பங்குனியில் மேகலாவை அழைத்துக்கொண்டு கார் வந்தது. சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் இல்லாவிட்டாலும் பெண் வந்துவிட்டாள் என்று வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மஞ்சள் கரைக்கத் தண்ணீர் நிற்காததால் தங்காயி அதில் பால் ஊற்றியிருந்தாள். கார் வாசலுக்கு வரவில்லை. கோயில் முக்கிலேயே நின்றது. மேகலா இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடதுகைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"அம்மிணி! ஊடு இக்கட்டால!" என்று கத்திக்கொண்டு ஓடினான் சென்னியப்பன்.

அவள் நின்று திரும்பினாள். அழவில்லை, கோபமும் இல்லை. "தெரியுமுங்கப்பா. நான் பொறந்த ஊடு எனக்குத் தெரியாதா? வயித்துல இருக்கறதுக்குத் தண்ணி வேணும். தண்ணி எங்க இருக்குதோ அதுதான் இப்ப எனக்கு ஆத்தா ஊடு."

"அவ என்ன சொல்லி உன்னைய மயக்குனா?"

"பெரீம்மா எங்கிட்டப் பேசி வருசம் ஆச்சு. நீங்கதான் பேச உடலியே" என்று சொல்லிவிட்டு, வேலிப்படலைத் திறந்து உள்ளே போனாள். பாவாயி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேகலா அண்ணாந்து குடித்தாள். அவளுடைய தொண்டை ஏறி இறங்குவதைச் சென்னியப்பன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். இத்தனை வருஷம் தன் கையால் வளர்த்த பெண், தன் கண் முன்னால், பங்காளி வீட்டில் தண்ணீர் குடித்தாள். அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

அவன் வீட்டுக்குப் போனான். தட்டம் எடுத்தான். ஊரைக் கூப்பிடவில்லை, மேளம் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவன் பெண்ணை அழைக்கத் தட்டத்தோடு போவது ஊத்துவலசில் அதுவரை நடக்காத காரியம். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாவாயி வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேகலா உள்நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முறை என்றால் முறைதான். பாவாயி கேட்டாள்.

"எங்க புள்ளைக்கு என்ன கொறை வெச்ச, சென்னியப்பா?"

ஒரு கொறையும் வெக்கலீங் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற அந்த மனிதனுக்கு, அன்றைக்கு முதன்முதலாகத் தன் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைமேல் சந்தேகம் வந்தது. தொண்டைக்குள் மருந்து டப்பா அலசுகிற வாசனை அடித்தது. மகளைப் பார்த்தான். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சேனுங், நங்கையா" என்றான்.

பாவாயி எழுந்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். "குடிச்சுட்டுப் போயி வேலையப் பாரு" என்றாள். அவன் மோரை முகர்ந்து பார்க்காமல் குடித்தான். குடித்து முடித்தும் மேகலா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவன் தட்டத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

கொளுத்தாமல் விட்ட பாதிக் காட்டுச் சோகையை அவனும் தங்காயியும் அள்ளி வரிசைக்கு வரிசை விரித்தார்கள். கொளுத்திய பாதிக்குப் போட ஒன்றுமில்லாமல், மற்றவர்கள் காட்டில் கொளுத்துவதற்கு வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்து விரித்தார்கள். பாவாயி காட்டுச் சொட்டுக்குழாயைப் பார்த்துத் தன் காட்டுக்கும் வரவழைத்தான். பாதி யூரியா மூட்டையைக் கடைக்கே திருப்பி அனுப்பினான். கடைக்காரன் அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். மருந்து டப்பாவை எடுத்துப் பரண்மேல் போட்டான். மேகலா பாவாயி காட்டு வேலிக்கு மேலாக வெட்டிவேர் நாற்றுக் கட்டு ஒன்றை எட்டிக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் அதை முகர்ந்து பார்த்தான், அது நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

இப்போது ஊர் அவனைச் சந்தேகப்பட்டது. மோரில் பாவாயி மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள். தண்ணீரை அவளும் அவனும் பங்கு போட்டுக்கொள்ளப் பேசி முடித்துவிட்டார்கள் என்றார்கள். அவன் இருந்திருந்து நெற்றியைச் சொறிந்தால்கூட, அது யாருக்கோ ஜாடை என்றார்கள். யாரையும் நம்பாமல் இருப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு கஷ்டம் தன்னை யாரும் நம்பாமல் இருப்பது என்று சென்னியப்பன் அப்போதுதான் தெரிந்துகொண்டான்.

முத்துவேலப்பன் பக்கத்துக் காட்டுக்காரர். அவர் ஒரு மத்தியானம் கடைசியாக வெட்டிய காட்டுச் சோகைக்கு நெருப்பு வைத்தார். காற்று கிளம்பியது. சென்னியப்பனும் தங்காயியும் வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டு வரப்பில் நின்று, தாவி வந்த தீயை அடித்து அடித்து அணைத்தார்கள். ஒரு மூலை கருகியது, மிச்சம் தப்பியது. தண்ணீர் வந்து உதவவில்லை. "நீ ஏன்டா குப்பையக் காவல் காக்கற? குப்பைக்குள்ள என்னத்தப் பொதைச்சு வெச்சிருக்கற?" என்று கேட்டார் முத்துவேலப்பன். மறுநாள் சென்னியப்பன் இல்லாத நேரம் பார்த்து வந்து, சோகையை விலக்கியும் பார்த்தார். அடியில் மண்புழுக்கள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. அவர் சோகையை மறுபடி மூடிவிட்டுப் போனார். அந்த வாரம் அவர் மருந்து டப்பாவைக் கிணற்றில் அலசவில்லை என்று தங்காயி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சென்னியப்பன் அதை நம்பவில்லை, போய் அவனும் எட்டிப் பார்த்தான்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. ஊர்க் காடுகளில் விழுந்த மழை சாம்பலையும் உப்பையும் வாரிக்கொண்டு காப்பித்தண்ணீர்போல ஓடி வாய்க்காலில் விழுந்தது. சென்னியப்பன் காட்டில் விழுந்தது எங்கேயும் ஓடவில்லை. சோகை அதைக் குடித்தது, மண் குடித்தது, வெட்டிவேர் குடித்தது. அவன் நனைந்துகொண்டே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சோகையைப் பிளந்துகொண்டு மறுதாம்புக் கொழுந்து பச்சையாக எழுந்து வந்தது. கிணற்றில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

வைகாசியில் மேகலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைப் பாவாயி வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக்கூடாதென்று நர்ஸம்மா மிரட்டி அனுப்பியிருந்தாள்; உதட்டில் ஒரு விரல்நுனி, அதற்கு மேல் கிடையாது என்ற கண்டிஷனோடு மேகலா சேனைக்குச் சம்மதித்தாள். "அப்பாவை வரச்சொல்லுங்க. நம்ம கெணத்துத் தண்ணியோட வரச்சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாளாம்.

சென்னியப்பன் கிணற்றுப்படியில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். எங்கே போவான்? பேரன் பிறந்திருக்கிறான், சர்க்கரை இருக்கிறது, தண்ணீர் இல்லை. அப்போது கீழே ஏதோ மினுங்கியது. இறங்கிப் பார்த்தான். கடைசிப் படியில், சண்டை ஆறிப்போன பெண் பிறந்த வீட்டு வாசலுக்கும் புகுந்த வீட்டு வாசலுக்கும் நடுவில் நின்று யோசிப்பதுபோல, கை கொள்கிற அளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அவன் குனிந்ததும் ஒரு சாண் பின்னால் போனது. அவன் அசையவில்லை. அது அவனை மேலும் கீழும் பார்த்த மாதிரி இருந்தது. இப்படிப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்த பார்வைதான், அவனே வாழ்நாளெல்லாம் எல்லாரையும் பார்த்த பார்வை. வெகுநேரம் கழித்து அது மெல்ல முன்னால் வந்து, சொம்பின் விளிம்பில் ஏறி, உள்ளே உட்கார்ந்தது.

சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டித்தடத்தில் நடந்தான். தண்ணீர் சொம்பைவிட்டுக் குதித்து ஓடவில்லை. ஆனால் போகிற இடமோ பாவாயி வீடு. அதனால் தண்ணீர் தன்னோடு வருகிறதா, இல்லை தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்பதை அவனால் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலிப்படலுக்கு முன்னால் நின்றான். ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்த்தான். தன் கிணற்றுத் தண்ணீரை அவன் சந்தேகப்பட்டுக் குடித்தது அதுதான் முதல் தடவை. அதில் உப்பு இல்லை, மருந்து வாசனை இல்லை, தண்ணீர் தண்ணீராக இருந்தது.

உள்ளே மேகலாவின் மடியில் குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. தங்காயி சர்க்கரையைக் கரைத்தாள். பாவாயி எட்டி நின்றாள். சென்னியப்பன் விரலை அதில் தோய்த்தான். வருஷக்கணக்காக இந்த நிமிஷத்துக்குக் காத்திருந்தவன் அவன். விரலைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனான். அந்தச் சின்ன வாய் எதுவும் தெரியாமல், கேட்காமல், யாராக இருந்தாலும் சரி என்று திறந்து கிடந்தது. இந்த விரல் பட்டால் நாளைக்கு இவன் பாலை நகத்தில் உருட்டுவான், திருநீற்றை முகர்வான், பங்காளி வேலிக்கு வெளியே நின்று நெஞ்செரிவான். சென்னியப்பன் விரலை எடுத்துக்கொண்டான்.

"நங்கையா, நீங்க வெய்யுங்."

"ஏன், உனக்கென்ன கேடு?"

"என்ற கொணம் என்னோட போகட்டுங்."

பாவாயி முதலில் நகரவில்லை. "என்ற கொணம் மட்டும் என்ன வாழுது? கருமி, சிடுமூஞ்சின்னு ஊரே சொல்லுது."

"கருமித்தனம் வந்தாப் பரவால்லீங். தண்ணிக்கு நல்லது."

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பாவாயி வந்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் காட்டுச் சர்க்கரையை, சென்னியப்பன் கிணற்றுத் தண்ணீரை, ஒரு விரல்நுனியில் எடுத்து, ஒருதரம் முகர்ந்துவிட்டு, குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

குழந்தை நாக்கை நீட்டி ருசி பார்த்தது. கண்ணைத் திறந்தது. பாவாயியைப் பார்த்தது, சொம்பைப் பார்த்தது, பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுருக்கி, ஒரு கண்ணை இடுக்கி, அவனை மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தது. தங்காயி வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டாள். "அட சாமி, சேனையே தேவையில்ல போல இருக்குதே" என்றாள் பாவாயி.

சென்னியப்பன் உடைந்து அழுதுவிட்டான். அழுதுகொண்டே குனிந்து, அந்தச் சுருங்கிய நெற்றிக்கு அருகில் வாயை வைத்துச் சொன்னான்: "நல்லாப் பாரு சாமி. அப்புச்சி குடுக்கற தண்ணியா இருந்தாலும் பாத்துத்தான் குடிக்கோணும்."